மடகாஸ்கர் மண்ணில் மழலை பேசிய நாட்கள்

(பங்கின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்குக் கொடுத்த தலைப்பு 'நம் பங்கிற்கு உழைத்த வெளிநாட்டு மறைபோதகர்கள்' என்பது. அவர்களைப் பற்றி இம்மலரிலேயே வேறு கட்டுரைகள் இருக்கின்றன. பங்கு தொடங்கிய காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரச் சாமியார், 'ஆண்டவரே நமக்கு வழி' என்று சொல்ல வந்து, 'ஆண்டவரே நமக்கு வலி' என்று ஆண்டுக்கணக்கில் பிரசங்கம் செய்தார் என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் எமக்கு மட்டும் அந்தச் சிரிப்பு முழுமையாக வருவதில்லை. ஏனென்றால் அவர் நின்ற இடத்தில் நாமும் ஒரு காலத்தில் நின்றோம். 1998 முதல் ஒன்பது ஆண்டுகள் மடகாஸ்கர் தீவில் மறைபரப்புப் பணியில் இருந்தோம். அங்கே நாம்தான் வெளிநாட்டுச் சாமியார். நாம்தான் வழியை வலி என்றவர். ஆகையால் குழுவினர் பொறுத்துக்கொண்டால், அந்தக் கதையைச் சொல்கிறோம்.

மடகாஸ்கர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இந்துமாக் கடலில் கிடக்கும் பெருந்தீவு. நம் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வரைபடத்தில் ஆப்பிரிக்காவை ஒட்டி இருந்தாலும், அதன் மொழிக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போர்னியோத் தீவின் பக்கமிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பேச்சு அது. அங்கே பாரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மாஅன்யான் என்ற மொழிதான் இதற்கு மிக நெருங்கிய உறவு என்று 1951-இல் நூல் எழுதிக் காட்டியவர் ஓட்டோ தால் என்ற நார்வே நாட்டு லூத்தரன் மறைபோதகர். மொழி கற்கப் போன மறைபோதகர்கள் இப்படிச் சில வேளைகளில் உலகத்துக்கே உபகாரம் செய்துவிடுகிறார்கள். நாம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தட்டுத்தடுமாறிப் பேசக் கற்றதோடு சரி.

குருப்பட்டம் பெற்ற புதிது. வயது இருபத்தெட்டு. புதுச்சேரியில் ஆறு மாதம் பிரெஞ்சு படித்துவிட்டு, மொரீஷியஸ் வழியாகத் தலைநகர் அந்தானானாரிவோவில் போய் இறங்கினோம். ஜூலை மாதம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து இரண்டு பருத்தி அங்கிகளோடு போனவருக்குப் பல் கிட்டிப்போகும் குளிர். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது என்று எமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

மொழி வகுப்பில் முதல் நாளே தலை சுற்றியது. எழுத்து ரோமன் எழுத்துத்தான். 1823-இல் முதலாம் ராடாமா மன்னர், மெய்யெழுத்துகளை ஆங்கிலேயர் போலவும் உயிரெழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் போலவும் எழுதும்படி தீர்ப்புச் சொல்லி இரு தரப்பாரையும் சமாதானப்படுத்தினாராம். ஆனாலும் 'ஓ' என்று எழுதியிருப்பதை 'உ' என்று படிக்க வேண்டும். சொல்லின் கடைசி உயிரை விழுங்கிவிட வேண்டும். வாக்கியமோ நம் தமிழைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். நாம் 'குழந்தை சோறு உண்கிறது' என்போம். அவர்கள் 'உண்கிறது சோறு குழந்தை' என்பார்கள். நம்மிடம் கடைசியில் வருவது அங்கே முதலில் வரும். முதலில் வருவது கடைசியில் வரும். பாதி வாக்கியம் பேசியபின் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தேடிக்கொண்டிருப்போம்.

ஒன்பது மாதப் படிப்பு முடிந்து, தெற்கே ஃபியனாரான்த்சோவா பக்கத்தில் ஒரு பங்கிற்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டோம். பெட்சிலேயோ மக்கள் வாழும் மலைநாடு. சரிவு முழுவதும் படிக்கட்டுப் படிக்கட்டாக நெல் வயல். நாற்று நடுமுன் மாடுகளை வயலில் இறக்கி ஓட்டிச் சேறு மிதிக்க விடுவார்கள். பங்கு என்றால் ஒரு கோயில் அல்ல. முப்பதுக்கு மேற்பட்ட சிற்றாலயங்கள், மலைக்கு மலை. நடந்துதான் போக வேண்டும். ஓர் ஊருக்கு ஆண்டில் மூன்று முறை குரு போனால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். உபதேசியார் இல்லையென்றால் அந்தத் திருச்சபையே இல்லை எனலாம்.

முதல் நாள் ஓர் ஊருக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எம்மைப் பார்த்து, 'கரானா! கரானா!' என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைக்காரருக்கு அங்கே 'வஸாஹா' என்று பெயர். 'கரானா' என்றால் குஜராத்திலிருந்து போய்த் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் இந்திய வம்சத்தார். அவர்கள்மீது ஊராருக்கு மனத்தாங்கல் உண்டு. 1987-இல் பல நகரங்களில் அவர்கள் கடைகள் சூறையாடப்பட்டன. அந்த முகத்தோடு, அந்த நிறத்தோடு நாம் போய்ப் பீடத்தில் நின்றால் எப்படி இருக்கும்? ஒரு கிழவி பூசை முடிந்ததும் எம்மிடம் வந்து, துணி என்ன விலை என்று கேட்டாள். வேடிக்கையாகக் கேட்டாளா, மெய்யாகவே கேட்டாளா என்று எமக்கு இன்றுவரை தெரியாது.

முதல் ஆண்டில் செய்த பிழைகளுக்குக் கணக்கில்லை. அங்கே 'ஃபாடி' என்று ஒன்று உண்டு. விலக்கு, தீட்டு என்று சொல்லலாம். ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மன்னிப்புக் கேட்கும் சொல்லே 'அஸஃபாடி', அதாவது இது எனக்கு ஃபாடி ஆகாதிருக்கட்டும் என்பது. நாம் ஒருநாள் நடந்து போகும்போது, குன்றின்மேல் கல்லால் கட்டிய அழகான ஒரு கட்டடத்தைச் சுட்டுவிரலை நீட்டிக் காட்டி, இது யார் வீடு என்று கேட்டோம். உடன் வந்தவர்கள் பேச்சு மூச்சற்று நின்றுவிட்டார்கள். அது கல்லறை. கல்லறையை விரல் நீட்டிக் காட்டுவது பெரிய ஃபாடி. விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். மற்றொரு நாள் விருந்தில் எம் தட்டில் கோழியின் பின்பகுதியை வைத்தார்கள். எம்மை இளக்காரம் செய்வதாக நினைத்து முகம் சுளித்தோம். வீட்டில் மூத்தவருக்குத் தரும் மரியாதைத் துண்டு அது என்று பிறகு தெரிந்தது. அன்று அந்த மரியாதை தமக்கு உரியதாயிருந்தும் எமக்கு விட்டுக்கொடுத்த தாத்தா, எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எல்லாம் அந்நியமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். மூன்று வேளையும் சோறு. சாப்பாடு என்பதற்கே சோறு உண்பது என்றுதான் பேச்சு. சோறு வடித்த பானையின் அடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, அந்தச் சுடுநீரைச் சாப்பாட்டோடு குடிப்பார்கள். 'ரானுவூலா' என்று பெயர். முதல் முறை அதைக் குடித்தபோது எம் அம்மாவின் அடுப்படி வாசனை வந்தது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குக்கூட இடம், வலம் சொல்லமாட்டார்கள். 'தட்டை வடக்கே தள்ளுங்கள், கிழக்கே உட்காருங்கள்' என்பார்கள். நம் கிராமத்துப் பெரியவர்கள் பேசுவதில்லையா? வடகிழக்கு மூலை அவர்களுக்கும் விசேஷமானது, முன்னோருக்கு உரியது. நம்மவர் ஈசானிய மூலை என்று மதிப்பதுபோல.

இனி, எம்மை மிகவும் வருத்திய பிழையைச் சொல்ல வேண்டும். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொல் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்தால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். (இந்த உரை முழுவதும் ஒற்றை ஆளாகிய எம்மை 'நாம்' என்று சொல்லிவருகிறோமே, அது மேடைப் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இந்தப் பேதம் கிடையாது. மலகாசி மொழியில் உண்டு. 'இசிகா' என்றால் நாம். 'இஸஹாய்' என்றால் நாங்கள். ஐரோப்பியக் குருக்கள் இதைப் பழக ஆண்டுகள் பிடிக்கும். தமிழனுக்கோ இது தாய்ப்பாலோடு வந்தது. எளிதாக வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. நாம் மலகாசியைப் பிரெஞ்சு வழியாகப் படித்தோம். பிரெஞ்சின் ஒரே சொல்லுக்கு நேராக 'இஸஹாய்' என்று முதலில் மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டு ஆண்டுக் காலம் எல்லா இடத்திலும் அதையே சொன்னோம். 'பாவிகளாகிய நாங்கள்' என்றோம். 'கடவுள் எங்களை மீட்டார், எங்களைத் தம் பிள்ளைகள் ஆக்கினார்' என்றோம். எதிரே மண் தரையில் நூறு பேர் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாரும் திருத்தவில்லை. மூத்தவரை, அதிலும் குருவைத் திருத்துவது அங்கே மரியாதை அல்ல. கடைசியில் ஒரு வயதான உபதேசியார், நடைப்பயணத்தில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, மிக மெதுவாக ஆரம்பித்தார். முதலில் தம் அறியாமைக்கு மன்னிப்பு. பிறகு தம் வயதுக்கு மன்னிப்பு. அங்கே எந்தப் பேச்சும் அப்படித்தான் தொடங்கும். 'கபாரி' என்ற சபைப் பேச்சில் குற்றம் நீக்கும் பகுதி என்றே முதலில் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருபவன் வளர்ப்புச் சரியில்லாதவன். நாமோ நற்செய்தி வாசித்த மறு நிமிடமே பிரசங்கத்தில் பாய்ந்துகொண்டிருந்தோம். மன்னிப்பெல்லாம் முடிந்தபின் அவர் கேட்டார்: "மொம்பேரா, கடவுள் உங்களை மீட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். எங்களுக்கு மகிழ்ச்சி. எங்களையும் மீட்டிருப்பாரா?"

மொம்பேரா என்பது சாமியாரை அழைக்கும் சொல். அவர் கேலி செய்யவில்லை. கேலியாக இருந்தால் தாங்கியிருப்போம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இலக்கணப் பிழைதானே என்று தேற்றிக்கொள்ள முயன்றோம். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. அந்த இரண்டு ஆண்டுகளில் எம் மனத்திலும் அவர்கள் 'நாம்' ஆகவில்லை. குளிரையும், மூட்டைப்பூச்சியையும், மரவள்ளிக் கீரையையும், அவர்களுடைய நிதானத்தையும் பற்றி வீட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றிலும் 'இவர்கள் இப்படி, நாங்கள் அப்படி' என்றே இருந்தது. நாக்கு தவறு செய்தது என்று சொல்வதைவிட, நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது என்பதே சரி.

இன்னொன்றும் இருக்கிறது. இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அந்த முதல் ஆண்டுகளில் நாம் பாவசங்கீர்த்தனம் கேட்டோம். ஒரு மூதாட்டி அழுதுகொண்டே வெகுநேரம் பேசினாள். அவள் பேசியதை நாம் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் உண்மை என்னவென்றால், சொல்ல நினைத்தாலும் முடியாது. எமக்குப் புரிந்தது மிகக் கொஞ்சம். பாவமன்னிப்பு வழங்கினோம். அந்த அருளடையாளம் செல்லும் என்று குருமடத்தில் படித்த இறையியல் சொல்கிறது. ஆனால் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எம்மிடம் மொழி இல்லை. அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது அவளைத் தேடினோம். அதற்குள் அவள் இறந்துபோயிருந்தாள்.

எம் பங்குக் குரு அந்த நாட்டவர், கண்டிப்பானவர். இதை அவரிடம் சொன்னபோது அவர் எம்மைத் தேற்றவில்லை. தம் நாட்டு வரலாற்றைச் சொன்னார். 1883-இல் பிரான்சோடு போர் மூண்டபோது பிரெஞ்சுக் குருக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று ஆண்டுகள் குரு இல்லை, பூசை இல்லை. பிரதம மந்திரியின் மருமகளாகிய விக்டோரியா ரசோவாமனாரிவோ என்ற பெண்மணியும், லசால் சபையைச் சேர்ந்த ரஃபிரிங்கா என்ற உள்நாட்டுச் சகோதரரும் விசுவாசிகளைக் கூட்டிச் செபிக்க வைத்து, பள்ளிகளை நடத்தித் திருச்சபையைக் காத்தார்கள். 1886-இல் குருக்கள் திரும்பியபோது ஆலயங்கள் உயிரோடு இருந்தன. விக்டோரியாவுக்கு 1989-இலும் ரஃபிரிங்காவுக்கு 2009-இலும் திருச்சபை அருளாளர் பட்டம் கொடுத்திருக்கிறது. "குருக்கள் போனபின் விசுவாசம் இங்கே நின்றது, அது எங்கள் மொழியில் இறங்கியிருந்ததால்தான்" என்றார் எம் பங்குக் குரு. "நீங்களும் ஒருநாள் போவீர்கள். போகுமுன் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்."

அந்தப் பகுதியிலேயே உழைத்து, 1896-இல் தலைநகருக்கு வடக்கே கொல்லப்பட்ட சேசு சபைக் குரு ஜாக் பெர்த்தியேயுவை 2012-இல் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் அந்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பத்தாறு. பிரான்சில் பல ஆண்டுகள் குருவாக இருந்தவர், மறுபடியும் அரிச்சுவடியில் தொடங்கினார். இருபத்தெட்டு வயதில் எமக்கு என்ன கேடு? மொழிப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு, அந்த வயதான உபதேசியாரின் பின்னாலேயே நடந்தோம். அவர் பேசியதைத் திருப்பிச் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தார்கள், திருத்தினார்கள். பிள்ளைகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அதுவே பெரிய உதவி.

முன்னோர் எலும்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத் துணியில் சுற்றி, ஆடிப்பாடி மீண்டும் வைக்கும் 'ஃபமாதிஹானா' சடங்கைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். கத்தோலிக்கக் குடும்பங்களும் செய்வதுண்டு, பூசையும் வேண்டுவார்கள். முதல் அழைப்புக்கு நாம் போக மறுத்தோம். 'முதலில் போய் உட்கார்ந்து பார், பிறகு தீர்ப்புச் சொல்' என்றார் பங்குக் குரு. போனோம். ஒரு நடுவயதுப் பெண் தன் தாயின் எலும்புகளை மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் புதிதாகப் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் வரும் எல்லாவற்றையும் நாம் ஏற்கிறோம் என்று சொல்லவில்லை. முன்னோரிடம் ஆசி கேட்பது வேறு, முன்னோருக்காக வேண்டுவது வேறு. அதைப் பொறுமையாக விளக்க வேண்டும். ஆனால் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நாமும் அதே போலத்தானே பேசிக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது.

2002-ஆம் ஆண்டு வந்தது. தேர்தல் தகராறில் நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள். சாலைகளில் தடுப்புகள், பாலங்கள் தகர்ப்பு. மலைநாட்டுக்குப் பெட்ரோல் இல்லை, உப்புக்கூட அருமையாயிற்று. அந்த ஏப்ரலில் எம் தாயார் இங்கே காலமானார். செய்தி நகரத்துக்குத் தொலைபேசியில் வந்து, அங்கிருந்து ஒரு பையன் நடந்து எம்மிடம் சேர்ப்பதற்கு மூன்று நாளாயிற்று. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. போவதற்கு வழியும் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டோம்.

பையன் சொல்லாமல் இருப்பானா? மறுநாள் காலை கதவைத் திறந்தால் முற்றம் நிறைய மக்கள். மலைகளைத் தாண்டி வந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. பெண்கள் பால் டின்னால் அளந்து அரிசி கொண்டுவந்திருந்தார்கள். அங்கே அந்த டின்தான் படி. சிலர் நாலாக மடித்த கசங்கிய நோட்டு. துக்கம் கேட்க வருவோர் தரும் அந்தப் பணத்துக்குக் 'கண்ணீர் துடைப்பு' என்று பெயர். கண்ணீர் என்ற சொல்லும் நம்முடையதைப் போலவே அமைந்தது. 'ரானு' நீர், 'மாசு' கண். 'ரானுமாசு'. அந்த உப்பில்லாத மாதத்தில் அவர்கள் உப்பும் கொண்டுவந்திருந்தார்கள்.

வயதான உபதேசியார் எழுந்து, தொப்பியைக் கழற்றி, முறைப்படி கபாரி தொடங்கினார். மன்னிப்புகள் எல்லாம் சொன்னார். பிறகு, "நம் தாய் இறந்துவிட்டார்" என்றார். 'ரெனினாய்' என்று சொல்லியிருந்தால் எங்கள் தாய். அவர் சொன்னது 'ரெனின்த்சிகா'. நம் தாய். உமக்கும் எங்களுக்கும் தாய். அவர் அதைத் தெரிந்துதான் சொன்னார். ஓடைக்கரையில் கேட்ட அதே மனிதர். எம்மைப் பார்த்து ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசினார்.

பதில் கபாரி சொல்ல வேண்டியது எம் முறை. தயாராகவும் இல்லை, குரலும் எழவில்லை. ஆனால் அன்று ஒரு 'இஸஹாய்'கூட எம் வாயில் வரவில்லை என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள்.

எல்லோரும் போனபின் அவர் மனைவி ஒரு துணியைக் கொண்டுவந்து எம் கையில் கொடுத்தாள். நெசவுச் சால்வை, பழுப்பில் சிவப்புக் கரை. இறந்தவர்மேல் உறவினர் துணி போர்த்துவது அங்கே முறை. நம் ஊரில் கோடி போடுகிறோமே, அதேதான். "அம்மாவுக்கு எங்கள் துணி போய்ச் சேரவில்லை. நீங்கள் போகும்போது கொண்டுபோங்கள்" என்றாள்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்து, கல்லறைத் திருநாளன்று அதை அம்மாவின் கல்லறைமேல் விரித்தோம். எம் தங்கை, "இது யார் போட்ட கோடி அண்ணா?" என்று கேட்டாள். சொன்னோம். அவள் அதை வெயிலில் விட மனமில்லாமல், செபம் முடிந்ததும் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இந்த விழாவுக்காக ஒரு வாரம் கடன் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். முன் மேசையில், பழைய சாமியாரின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். பிள்ளைகள் மட்டும், பொங்கல் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுத் தொடவும். திங்கட்கிழமை தங்கையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.